தையல்காரியின் டப்பா

என் கணவரின் குதிகால் போர்வையில் மாட்டவில்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் சூடான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்து பித்தவெடிப்பு வந்து, குதிகால் இரண்டும் பாளம் பாளமாகக் கிடக்கும். படுக்கையில் புரண்டால் போர்வை நூலைச் சரக் சரக்கென்று இழுக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விடிகிறது. எத்தனையோ களிம்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒன்றின் மூடியைக்கூட அவர் திருகியதில்லை. "ஆம்பள காலுக்கு எதுக்கு அலங்காரம்?" என்பார். அப்படிப்பட்ட மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். சத்தமே இல்லை.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். குதிகால் பளபளவென்று இருந்தது. விரலால் தடவினேன், வழுக்கியது. குனிந்து மோந்தும் பார்த்தேன். கணவன் காலை மோந்து பார்க்கிற பெண்ணை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. காபித்தூள் வாசனை. அதற்குள் மெலிசாகக் கிராம்பு எண்ணெய்.

எனக்குப் பகீரென்றது. அந்த வாசனை கடையில் கிடைக்கிறதல்ல. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கண்டுபிடித்தது.

நாங்கள் மூன்று பேர் என்றால் நான், நர்ஸ், தையல். நர்ஸ் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவள். தையல், பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மிஷின் போட்டு டிரைவர் கண்டக்டர்களுக்கு யூனிபார்ம் தைக்கிறவள். என்னை அவர்கள் 'செக்கிங்' என்று கூப்பிடுவார்கள். பெரிய கடை ஒன்றின் வாசலில் வெளியே போகிறவர்களின் பையைச் சோதிப்பது என் வேலை. சிரித்துக்கொண்டே வருகிறவர்களின் பையைத்தான் இரண்டு தரம் கிளற வேண்டும் என்பது அங்கே கற்றுக்கொண்ட பாடம்.

பியூட்டி பார்லருக்குப் போய் காலை நீட்டி உட்கார எங்கள் மூன்று பேருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுப் படுக்கையறைதான் பார்லர். துணி ஊறவைக்கிற டப்பில் வெந்நீரும் உப்பும் போட்டுக் கால் ஊறவைப்போம். பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்துத் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்போம். அப்புறம் காபித்தூள், அரிசி மாவு, தயிர், எலுமிச்சைச் சாறு எல்லாம் ஒரே கிண்ணத்தில் குழைத்து, நர்ஸ் கொண்டுவரும் கிராம்பு எண்ணெயில் நாலு சொட்டு விட்டு, முகத்துக்கும் காலுக்கும் அப்பிக்கொண்டு, கண்மேல் வெள்ளரிக்காய் வில்லைகளை வைத்துப் படுத்துவிடுவோம். காய்கிற வரை பேசக்கூடாது, பேசினால் முகத்தில் கோடு விழும் என்பது நர்ஸ் போட்ட சட்டம். சட்டம் போட்டவளே முதலில் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பாள். மூன்று பேர் முகமும் வெடித்து உதிரும்.

மிஞ்சிய கலவையை ஆளுக்கொரு டப்பாவில் பங்கு போட்டுக் கொள்வோம். அதுதான் எனக்குப் புரியவில்லை. என் டப்பா பிரிட்ஜில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கலவை நிற்கிற மட்டத்தில் நான் பேனாவால் போட்டு வைத்த கோடு அப்படியே இருந்தது. சொந்த பிரிட்ஜில் யாராவது கோடு போடுவார்களா என்று கேட்கக்கூடாது. தொழில் புத்தி.

ஆக, அவர் காலுக்குப் போனது என் டப்பாவிலிருந்து இல்லை.

எழுந்ததும் கேட்டேன். "கால் என்ன இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா தப்பா?" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் பகலில் தாழ்ப்பாள் போடுகிற ஆளே இல்லை.

நர்ஸ் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அடுத்தவர் காலைப் பார்த்தாலே ஊசி போடத்தான் தோன்றுகிறது என்பாள். மிச்சம் ஒருத்திதான். தையலை அவள் வீட்டுக்காரன் விட்டுவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. தனியாக இருக்கிற பெண்ணைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களை நானே தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன். அன்று காலை அந்தத் திட்டெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவருடைய பேண்ட் ஒன்று கொஞ்ச நாளாகத் தையல் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடையாய் நடப்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அவருக்கு வயிறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பேண்டை எதற்கு இத்தனை தரம் பிரித்துத் தைக்க வேண்டும்?

அன்று மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் வழக்கம்போல் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தையல் உள்ளே வரும்போது அவரைப் பார்த்து, "என்னண்ணே, டியூட்டி இல்லையா?" என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்லம்மா" என்றார். அண்ணனாம், அம்மாவாம். எத்தனை பைகளைப் பார்த்திருக்கிறேன், மேலே காய்கறியும் அடியில் சோப்புக் கட்டியுமாக.

தையலின் கையில் இருந்த டப்பா என் கண்ணில் பட்டது. ஊறுகாய் போடுகிற பெரிய டப்பா. நானும் நர்ஸும் உள்ளங்கையில் அடங்குகிற டப்பா வைத்திருந்தோம். போன மாதமும் அவள் இதையேதான் கொண்டுவந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

டப்பைச் சுற்றி உட்கார்ந்து காலை விட்டோம். தண்ணீருக்குள் மூன்று ஜோடிப் பாதங்கள். நான் தையலின் பாதத்தையே பார்த்தேன். வெறுங்காலால் மிஷின் பெடலை மிதிக்கிறவள். குதிகாலில் போன மாதம் இருந்த வெடிப்பு ஒன்றுகூடக் குறையவில்லை.

"போன தடவ குடுத்தது தீந்துடுச்சாடி?" என்றேன், ஏதோ கேட்கிற மாதிரி.

"தீந்துடுச்சு."

"கால்ல போட்டியா?"

அவள் தண்ணீரைக் காலால் அளைந்தாள். "போட்டேனே."

பச்சைப் பொய். அவள் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது சரியாக வரவும் இல்லை, காது மடல் சிவந்துவிட்டது. அந்த டப்பா அவள் காலுக்குப் போகவில்லை, என் வீட்டுக்காரர் காலுக்குப் போயிருக்கிறது. காலில் கலவை தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமா? யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். கலவையை அப்பிக்கொண்டு படுத்த பிறகும் அந்தக் காட்சி மனதில் வந்தது, என் முகத்தில் அப்பியிருந்தது வெடித்தது.

"பேசாம படுடி, கோடு விழுது பாரு" என்றாள் நர்ஸ், வெள்ளரிக்காய்க்கு அடியிலிருந்து.

அன்றும் அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

டப்பாவில் போட்டு வருகிறேன் என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். நர்ஸ் தன் நரைக்குப் போட மருதாணிப் பொடி வாங்கி என் அலமாரியில் வைத்திருந்தாள். அடுத்த முறை தலைக்கு மூன்று பேரும் போடலாம் என்று. அதைப் பார்த்த கணமே எனக்கு யோசனை வந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் ஊறினால் மருதாணி பிடிக்கிற பிடியில் வாரக்கணக்கில் போகாது. காபியின் கறுப்பில் நிறம் தெரியாது, கிராம்பில் வாசனை தெரியாது. தேய்க்கிற கையும் சிவக்கும், தேய்க்கப்படுகிற காலும் சிவக்கும். நர்ஸ் டப்பாவிலும் என் டப்பாவிலும் சும்மா கலவை. தையலின் டப்பாவில் மட்டும் பொடியைக் கொட்டிக் கிளறினேன். மூடியை இறுக்கி அவள் கையில் கொடுத்தபோது, "ரொம்ப தேங்க்ஸ்டி செக்கிங்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது. அதுதான் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நாம்தான் பைத்தியக்காரி போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்படக்கூடத் தொடங்கிவிட்டேன். அப்புறம் ஒருநாள் காலை டியூட்டி முடிந்து வந்தவர் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றவில்லை. சாக்ஸோடு சாப்பிட்டார். சாக்ஸோடு மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்தார்.

"புழுங்கல?" என்றேன்.

"கால் சில்லுனு இருக்கு."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் குறட்டை விடுகிற வரை காத்திருந்து, சாக்ஸை மெல்ல உருவினேன். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் செக்கச் செவேலென்று இருந்தது.

நான் நினைத்தது சரி என்று தெரிந்தால் எனக்கு எப்போதும் ஒரு திமிர் வரும். அன்று வரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கணவன் போனதற்கு அழுகிறேனா, சிநேகிதி போனதற்கு அழுகிறேனா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டும் ஒரே டப்பாவில் போய்விட்டது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினேன். வீட்டுக்காரரை எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், முதலில் அவள் கையைப் பார்க்க வேண்டும்.

தையல் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மிஷினில் காக்கித் துணி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். ஊசி குத்திய தழும்புகள் இருந்தன. சாக்குக்கட்டி வெள்ளை இருந்தது. சிவப்பு மட்டும் துளிகூட இல்லை.

கையுறை போட்டிருப்பாள் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் நினைத்தேன்.

"நல்ல வேளை, நீயே வந்துட்டே" என்றாள். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா இதுக்கு மேல எனக்குத் தாங்காது. டிப்போல ஒரே ரகளையா இருக்கு. வா, வந்து பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள். நிற்கிற பஸ்களுக்கு நடுவில் புகுந்து, டயர் அடுக்கியிருக்கிற சுவரைத் தாண்டி, டிரைவர்கள் படுத்து எழுகிற ஓய்வறைக்குக் கூட்டிப் போனாள். கதவைத் தட்டி, "நான்தான்" என்றாள்.

உள்ளே நாலைந்து பேர் இரும்புக் கட்டில்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேண்டை முழங்கால் வரை சுருட்டி, பஸ் கழுவுகிற வாளிகளில் காலை விட்டு, எலுமிச்சை மூடியால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் பாதமும் சிவப்பு. பக்கத்தில் பஸ் கழுவுகிற பிரஷ்கள் கிடந்தன, அவற்றிலும் சிவப்பு. மூலையில் ஒரு பெரிய மீசைக் கண்டக்டர் துண்டால் தலையை மூடிக்கொண்டிருந்தார். துண்டு நழுவியது. முகம் முழுக்க ஆரஞ்சு நிறம். கண்ணைச் சுற்றி மட்டும் வட்டமாகப் பழைய நிறம், வெள்ளரிக்காய் வைத்த இடம்.

என்னைப் பார்த்ததும் எலுமிச்சை மூடிகள் அப்படியே நின்றன. வாளிக்குள்ளிருந்து ஒரு காலும் வெளியே வரவில்லை.

"அண்ணி" என்றார் மீசைக் கண்டக்டர், அழமாட்டாத குறையாக. "அண்ணன்தான் ஆரம்பிச்சு வெச்சாரு. நாள் பூரா உக்காந்து உக்காந்து கால் வெடிச்சு ரத்தம் வருது, வீட்ல இப்படி ஒண்ணு பண்றாங்க, நாமளும் பண்ணிப் பாப்போம்னாரு. தையலக்காதான் அவங்க பங்க எங்களுக்குக் குடுத்துட்டிருந்தாங்க. அண்ணன் பேண்ட் தைக்கக் குடுக்கற சாக்குல போய் வாங்கிட்டு வருவாரு. போன மாசம் காலெல்லாம் பூ மாதிரி ஆயிடுச்சு. சரி, இந்தத் தடவ மூஞ்சிக்கும் போடுவோம்னு ஒரு ஆசையில போட்டேன். நான் எப்படி அண்ணி டிக்கெட் குடுக்கப் போவேன்? இன்னிக்கு லீவு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கவும் செய்தது. என் வீட்டுக்காரர் காலை யாரும் மடியில் வைத்துத் தேய்க்கவில்லை. அவரவர் காலை அவரவரே தேய்த்திருக்கிறார்கள், பஸ் கழுவுகிற பிரஷால்! வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். அப்போதுதான் தையல் என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன்.

"உன் கால்ல இப்படிப் பிடிச்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"நர்ஸ் கால்ல? நேத்துகூட அவளப் பாத்தேனே. ஒண்ணும் இல்ல." அவள் வாய் மூடிக்கொண்டது. அளவெடுத்த துணியில் எங்கே பிசகு என்று பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். அதே பார்வை என் மேல் நின்றது. ஒரே கிண்ணம், மூன்று டப்பா, ஒன்றில் மட்டும் சாயம். கணக்கு அவளுக்கு நேராகிவிட்டது.

"என்னக்கா கலந்தீங்க அதுல?" என்று ஒரு டிரைவர் கேட்டார். "தப்பா எதாச்சும் விழுந்துடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தையல் முந்திக்கொண்டாள். "என் தப்புதான். பத்தலன்னு வீட்ல இருந்த பொடியப் போட்டுக் கலந்தேன். அது தலைக்குப் போடற மருதாணி. பாக்காம போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க."

"என்னக்கா நீங்க!" என்று மீசைக் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மற்றவர்கள் அவளைச் செல்லமாகத் திட்டினார்கள். அவள் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வெளியே டயர் சுவருக்கருகில் வந்ததும் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள், என் கடை வாசலில் பையைத் திறந்து காட்டுவார்களே, அந்த மாதிரி.

"இதத்தானே பாக்க வந்தே? வந்ததும் நீ என் மூஞ்சியப் பாக்கல, கையத்தான் பாத்தே. நல்லாப் பாத்துக்கோ."

"நீ பொய் சொன்னேடி. கால்ல போட்டேன்னு சொன்னே."

"சொன்னேன். அண்ணன் வெக்கப்பட்டாரு, அதனால சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "நர்ஸ் டப்பாவுல ஏன் போடல?"

நர்ஸுக்குப் புருஷன் இருக்கிறான், உனக்கு இல்லை. அதுதான் காரணம். சொல்லாமலே அவளுக்குக் கேட்டுவிட்டது. காக்கித் துணியை அப்படியே விட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அவர் விழித்துக்கொண்டு, சாக்ஸ் இல்லாத காலை மடக்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திருட்டு முழி முழித்தார்.

"டிப்போக்குப் போயிட்டு வரேன்" என்றேன். "எங்கிட்டயே கேட்டிருந்தா நான் போட்டுவிட்டிருக்க மாட்டேனா? ஏன் மறைச்சீங்க?"

போர்வை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "மாசா மாசம் கதவச் சாத்திக்கிட்டு அவங்களோட சிரிக்கிறே. நான் ஹால்ல பேப்பரப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வரி ஓடாது. எங்கூட நீ அப்படிச் சிரிச்சதில்ல. நான் வீட்டுக்குள்ள வந்தா, நீ பாக்கற முத இடம் என் சட்டப் பாக்கெட்டு. அந்தக் கிண்ணத்துல அப்படி என்னதான் இருக்குன்னு எனக்குப் பாக்கணும் போல இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். காபித்தூள்தான் இருந்துச்சு." பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தச் செவப்பு எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல."

மறைத்திருக்கலாம். தையல் எனக்காக ஒரு கதையே கட்டி வைத்திருந்தாள். ஆனால் அவள் கட்டிய கதைக்குள் போய் ஒளிந்துகொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நான்தான் கலந்தேன்."

"எதுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். புரிய நேரமாகவில்லை. கீழே கிடந்த சாக்ஸை எடுத்து, ஒவ்வொரு காலாக நிதானமாக மாட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த மாதத்து ஞாயிறு வரை தையல் என்னோடு பேசவில்லை. அன்று அவள் வரமாட்டாள் என்றுதான் நர்ஸும் சொன்னாள். நர்ஸிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "என் மருதாணிய வேற வீணாக்கிட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குமேல் திட்ட மனம் வராமல் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெந்நீர் ஆறுகிற சமயத்தில் கதவு தட்டப்பட்டது. தையல் வந்திருந்தாள். கையில் டப்பா இல்லை. ஹாலில் அவர் எழுந்து நின்று, "வாம்மா" என்றார். "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

நான் அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கலந்தேன். காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். மாவைக் காட்டினேன். கிண்ணத்தோடு அவள் பக்கம் நகர்ந்து விரலில் எடுத்தபோது, அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல நீ போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். நெற்றி, கன்னம், மோவாய் என்று ஓர் இடம் விடாமல் அப்பிக்கொண்டேன். காய்கிற வரை மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் போட்ட சட்டத்தை அன்றுதான் முதல்முறையாக யாரும் மீறவில்லை. ஹாலில் பேப்பர் புரளுகிற சத்தம்கூடக் கேட்டது. முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். தையல் என் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், காதோரம் எல்லாம் பார்த்தாள். அவள் விரல் சூடாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவள் அதையும் பார்த்தாள்.

பிறகு பாயில் மல்லாந்து படுத்தாள். "ம், போடு" என்றாள்.

நான் போட்டேன். அவள் புருவத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, துடைத்துவிட்டேன். நர்ஸ் இரண்டு வெள்ளரிக்காய் வில்லைகளை நீட்டினாள். தையல் அதை வாங்கி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்று தின்றாள். கடைசி வரை கண்ணை மூடவே இல்லை.